எலிக்கு மூன்று மாதம் எத்தனை நாள்?

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரக் கல்லூரிகளில் ஏதாவது மூலிகையைச் சர்க்கரை நோய்க்குச் சோதித்துப் பார்த்த ஆய்வேட்டைப் புரட்டினால், பாதிக்கு மேல் போனதும் ஓர் அட்டவணை வரும். தலைப்பில் நல்ல எலி, நோய் எலி, சாறு கொடுத்த நோய் எலி, கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த நோய் எலி என்று வரிசை இருக்கும். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ரத்தச் சர்க்கரை, இன்சுலின், சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின், மொத்தப் புரதம், ஆல்புமின், குளோபுலின் என்று இறங்கும். பெரும்பாலானோர் முதல் வரியோடு நின்றுவிடுவார்கள். நோய் எலிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, சாறு குடித்த எலிக்கு இறங்கியிருக்கிறது, ஆகவே மூலிகை வேலை செய்கிறது. பத்திரிகைச் செய்திக்கு அவ்வளவு போதும்.

ருசியான விஷயம் அதற்குக் கீழே இருக்கும் ஐந்து வரிகளில் இருக்கிறது. அவை ஐந்தும் ரத்தத்தில் இருக்கும் புரதங்களைப் பற்றியவை. சர்க்கரை அளவு, ரத்தம் எடுத்த அந்த நிமிடத்தின் நிலவரத்தை மட்டும் சொல்லும். புரதங்கள் நடந்து முடிந்ததையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் எவ்வளவு பின்னோக்கிச் சொல்லும் என்பது புரதத்துக்குப் புரதம், பிராணிக்குப் பிராணி மாறும். அது தெரியாமல் படித்தால் இந்த அட்டவணை நம்மை நன்றாகவே ஏமாற்றிவிடும்.

செடிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. தாமிரபரணி பிறக்கும் பொதிகையும் அதைச் சுற்றியுள்ள காடும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் வருகின்றன. 2001இல் அறிவிக்கப்பட்ட இந்தக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது. பாபநாசத்துக்கு மேலே மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி பக்கம் வாழும் காணிக்காரர்கள் எந்த இலையை எதற்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதை உலர்த்தி இடித்து எத்தனாலில் சாறு இறக்கி எலிக்குக் கொடுத்துப் பார்ப்பது இங்கே ஒரு தனி ஆய்வு மரபாகவே ஆகிவிட்டது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரியின் தாவரவியல் துறை இந்த வழியில் வரிசையாகப் பல செடிகளைச் சோதித்து வெளியிட்டிருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளில் மதுமேகம், அதாவது சர்க்கரை நோய், திரும்பத் திரும்ப வரும் பொருள். கொஞ்சம் வடக்கே போனால், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் ஆவாரம்பூவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2002இல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் எழுதினார்கள். நம் கரிசல் காட்டு வரப்பில் கேட்பாரற்று மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரைதான்.

இலையைக் கொடுப்பதற்கு முன் எலிக்கு நோய் வர வேண்டுமே. அதற்கு இரண்டு ரசாயனங்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று அலாக்சன். 1943இல் கிளாஸ்கோவில் டன் என்பவரும் அவருடைய சகாக்களும் சிறுநீரகச் சேதத்தை ஆராயப் போய், முயலின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மட்டும் செத்துக் கிடப்பதைக் கண்டார்கள். மற்றொன்று ஸ்ட்ரெப்டோசோடோசின், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்தது. 1963இல் இதற்கும் அதே குணம் இருப்பது தெரிந்தது. இரண்டும் பீட்டா செல்லுக்குள் சர்க்கரை நுழைகிற வாசல் வழியாகவே உள்ளே போய் அந்தச் செல்லை அழிக்கின்றன. அலாக்சனின் ஆயுள் கொஞ்ச நஞ்சம்தான். உடல் சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை அது பாதியாகிவிடும். ஊசி போட்ட கை எடுப்பதற்குள் வேலையை முடித்துக்கொள்கிற விஷம் என்றே சொல்லலாம்.

செல்கள் சாகும்போது அதுவரை சேமித்து வைத்திருந்த இன்சுலின் மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். அந்த நேரத்தில் எலியின் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். குளுக்கோஸ் தண்ணீரைக் கூண்டில் வைக்க மறந்தால் விடிவதற்குள் சில எலிகள் செத்துவிடும். இதைத் தாண்டியவற்றில் 72 மணி நேரம் கழித்து வால் நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, நாம் வீட்டில் வைத்திருக்கும் அதே வகை மீட்டரில் பார்ப்பார்கள். நிர்ணயித்த அளவுக்கு மேல் போன எலிகள் மட்டும் ஆய்வில் சேரும். எல்லாப் பிராணிக்கும் இந்த விஷம் ஏறாது. கினிப் பன்றிக்கு அலாக்சன் உறைப்பதில்லை. மனிதனின் பீட்டா செல்களும் அதைப் பெரிதும் தாங்கிக்கொள்கின்றன. ஆக இது எலிக்கு எலியின் முறையில் வரவழைத்த நோய். மேலப்பாளையத்திலோ அம்பாசமுத்திரத்திலோ நாற்பது வயதில் தொப்பையோடும் பரம்பரையோடும் வருகிற சுகர் வேறு ஜாதி. அங்கே கணையம் அழிந்திருக்காது. இன்சுலின் இருக்கும், உடல்தான் அதன் பேச்சைக் கேட்காது.

சர்க்கரை வரியை மட்டும் ஏன் நம்ப முடியாது என்பதையும் எலியே சொல்லும். புதுக் கை தொட்டால் அதற்குச் சர்க்கரை ஏறும். கூண்டை மாற்றினாலும், பக்கத்து எலியைக் கண்ணெதிரே எடுத்துப்போனாலும் ஏறும். ரத்தம் எடுக்கக் கொடுக்கும் மயக்க மருந்துகளில் சைலசின் மாதிரி சில, தாமே சர்க்கரையை ஏற்றிவிடும். நேற்று இரவு தீனி எடுத்தார்களா, காலையில் எடுத்தார்களா என்பதைப் பொறுத்தும் எண் மாறும். மனிதர்கள் செய்வது வேறு வகை. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து இனிப்புக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்துவிட்டு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பவர் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ‘காலைல நூத்திப் பத்துதான் காட்டுச்சு, மூணு மாசத்துக்குப் பாத்தா எட்டுங்காவ, எப்படிய்யா?’ என்று அவர்தான் கேட்பார்.

எட்டு என்பது ஹெச்பிஏ1சி, அட்டவணையில் ‘சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின்’ என்று வந்த அதே வரி. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு நுனியில் குளுக்கோஸ் போய் ஒட்டிக்கொள்வதன் அளவு. இதைச் செய்ய நொதி எதுவும் வேண்டியதில்லை. சர்க்கரையும் புரதமும் ஒரே இடத்தில் இருந்தால் போதும், மெல்ல ஒட்டும். முதலில் தளர்வாக ஒட்டும். அந்தக் கட்டத்தில் பிரிந்துவிடவும் முடியும். பிறகு உள்ளுக்குள் அணுக்கள் இடம் மாறி இறுகிவிடும். இறுகியது சிவப்பணு சாகும்வரை கிட்டத்தட்டப் பிரியாது. பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912இல் விவரித்த வினை இது. புரோட்டாக் கல்லில் மாவின் மேல் பழுப்புப் பொட்டுகள் விழுகிறதே, அதன் தொடக்கமும் இதே வினைதான். கல் சூட்டில் நிமிடங்களில் நடப்பது உடல் சூட்டில் வாரக்கணக்கில் நடக்கிறது. (திருநெல்வேலியைப் பற்றி எழுதுகிறவன் அல்வாவைச் சொல்லாமல் விடலாமா என்று கேட்காதீர்கள். அல்வாவின் நிறத்தில் புரதத்தைவிடக் கருகும் சர்க்கரைக்கே பங்கு அதிகம்.)

1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் ஹீமோகுளோபினின் பிறழ்ந்த வகைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் ஒரு பட்டை வழக்கத்தைவிடத் தடித்துத் தெரிந்தது. அது வேறு வகை ஹீமோகுளோபின் அன்று, சர்க்கரை ஒட்டிய அதே ஹீமோகுளோபின் என்பது பின்னால் தெளிவானது. இதை நோயைக் கண்காணிக்கும் கருவியாக்கியதில் எலிக்கும் பங்கு உண்டு. நியூயார்க்கில் கோனிக்கும் செராமியும் 1975இல் சர்க்கரை நோய் உள்ள சுண்டெலிகளில் ஹெச்பிஏ1சி தெளிவாக உயர்ந்திருப்பதையும், அணுவுக்கு வயது கூடக் கூட ஒட்டும் அளவும் கூடுவதையும் காட்டினார்கள். மறு ஆண்டே நோயாளிகளில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் இந்த எண் இறங்குகிறது என்று வெளியிட்டார்கள். இன்று 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலிருந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. எட்டு என்றால் சராசரிச் சர்க்கரை 183 மில்லிகிராம் அளவில் இருந்திருக்கிறது என்று பொருள். வெறும் வயிற்று நூற்றிப்பத்து அதை மறைக்க முடியாது.

‘மூணு மாச டெஸ்ட்’ என்று நாம் சொல்வது மனித சிவப்பணுவின் ஆயுளை வைத்து. அது ஏறக்குறைய 120 நாள். இந்தக் கணக்கை அப்படியே கூண்டுக்குள் கொண்டுபோக முடியாது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் விஸ்டார் வகை எலியின் சிவப்பணு சுமார் 60 நாள்தான் வாழ்கிறது. சுண்டெலிக்குச் சுமார் 40 நாள். இளசான அணு ஒட்டுவதற்கு நேரமில்லாமல் சுத்தமாக இருக்கும், கிழட்டு அணுவில் நிறைய ஒட்டியிருக்கும்; ரத்தக் குழாயில் எல்லா வயதும் கலந்து ஓடும். எல்லா வயது அணுக்களும் சம எண்ணிக்கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு எளிய கணக்குப் போட்டால், மனிதரின் ஹெச்பிஏ1சியில் சுமார் 44 சதவீதம் கடைசி முப்பது நாள் சர்க்கரையால் வந்தது. எலியில் கடைசி பதினான்கு நாளின் பங்கு சுமார் 40 சதவீதம்.

ஏன் பதினான்கு நாள் என்றால், இந்த மூலிகை ஆய்வுகளில் பல பதினான்கு நாளில் முடிகின்றன. சில 21, சில 28 அல்லது 30. பதினான்கு நாள் ஆய்வொன்றை எடுத்துக்கொள்வோம். அலாக்சன் போட்டு மூன்று நாள் கழித்து எலி தேர்வாகிறது. அதற்குப் பின் பதினான்கு நாள் சாறு. ஆகப் பதினேழாம் நாள் கணக்கு முடிகிறது. சாறு கிடைக்காத நோய் எலிக்குப் பதினேழு நாளும் சர்க்கரை உச்சத்தில். ஆனாலும் அதன் ஹெச்பிஏ1சி போகக்கூடிய முழு உயரத்தில் பாதிதான் போயிருக்கும். மீதி அணுக்கள் நோய்க்கு முந்தைய நாட்களைச் சுமந்துகொண்டிருக்கின்றன. சாறு குடித்த எலிக்கோ, சாறு முதல் நாளிலேயே முழுமையாக வேலை செய்ததாக வைத்துக்கொண்டாலும், மூன்றே நாள்தான் சர்க்கரை ஏறியிருந்தது. அந்த மூன்று நாளால் வரக்கூடியது முழு உயரத்தில் ஏழு சதவீதம்.

அட்டவணையில் நோய் எலிக்கும் சாறு குடித்த எலிக்கும் ஹெச்பிஏ1சியில் பெரிய வித்தியாசம் தெரியும். அடியில் ‘இயல்பு நிலைக்குத் திரும்பியது’ என்று எழுதியிருப்பார்கள். திரும்பவில்லை. அது போகவே இல்லை. ஒட்டிய சர்க்கரையை மூலிகை கழற்றவில்லை, ஒட்டுவதற்குக் காலம் கிடைக்கவில்லை. இது மூலிகைக்குப் பழி சொல்வதல்ல. தடுத்ததும் நல்ல செய்திதான். ஆனால் பத்து வருஷமாகச் சுகர் இருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு ‘ரெண்டே வாரத்துல மூணு மாச சுகர் இறங்கிடுமாம்’ என்று கஷாயம் காய்ச்சக் கிளம்பினால், அவர் நம்புவது எலியில் நடக்காத ஒன்றை. தேர்வான அன்றே, அதாவது மூன்றாம் நாளே, ஹெச்பிஏ1சி எடுத்து அட்டவணையில் ஒரு கட்டம் போட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. அந்தக் கட்டத்தைக் காண்பது அரிது.

இந்தக் கணக்கை ஆய்வின் நாணயத்தைப் பார்க்கவும் பயன்படுத்தலாம். ஏழாம் நாள் சர்க்கரை இன்னும் உச்சத்தில் இருப்பதாக ஓர் அட்டவணையும், பதினான்காம் நாள் ஹெச்பிஏ1சி நல்ல எலியின் அளவே இருப்பதாக இன்னோர் அட்டவணையும் சொன்னால், இரண்டில் ஒன்று தவறு. பெரும்பாலும் அளந்த முறையில் தவறு இருக்கும். மனிதருக்கான கிட்களில் பல, மனித ஹீமோகுளோபினின் நுனியை அடையாளம் காணும் ஆன்டிபாடியை நம்பியவை. எலியின் நுனியில் அமினோ அமில வரிசை கொஞ்சம் வேறு. அதனால்தான் நம் ஆய்வுக்கூடங்களில் பலர் 1981இல் நாயக்கும் பட்டாபிராமனும் வகுத்த நிறமானி முறைக்குப் போகிறார்கள். நம் நாட்டிலேயே உருவான, செலவு குறைந்த, எந்தப் பிராணிக்கும் பொருந்துகிற முறை. அதில் எண் சதவீதத்தில் வராது, ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். அந்த எண்ணை டாக்டர் சொன்ன எட்டோடு ஒப்பிடக் கூடாது.

எலியோடு நிறுத்தாமல் மற்ற பிராணிகளையும் பார்த்தால் இன்னும் விநோதம். கோழிக்கு இயல்பாகவே ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமுக்கு மேல். மனிதக் கணக்கில் முற்றிய நோய். ஆனால் அதன் ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது மிகக் குறைவு, ஏனென்றால் கோழியின் சிவப்பணுவுக்குள் சர்க்கரை எளிதில் நுழைவதில்லை; அணுவின் ஆயுளும் ஒரு மாதத்தை ஒட்டித்தான். வளர்ந்த பன்றியின் சிவப்பணுவும் அப்படியே. சர்க்கரைக்கு வாசலை மூடிவிட்டு வேறொரு பொருளை எரித்துப் பிழைக்கிறது. மனிதரைப் போன்ற இதயமும் தோலும் உள்ள பிராணி என்று சர்க்கரை நோய் ஆய்வுக்குப் பன்றியைத் தேடிப் போகிறவர்கள், அதில் ஹெச்பிஏ1சி உதவாது என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவர்கள் போவது அட்டவணையின் கடைசி வரிகளுக்கு. ஆல்புமின் ரத்த நீரில் மிதக்கிற புரதம். அதற்கு அணுச்சுவர் மறைப்பு கிடையாது. சர்க்கரை நேராக வந்து ஒட்டும். இப்படிச் சர்க்கரை ஒட்டிய ரத்த நீர்ப் புரதங்களை மொத்தமாக அளப்பதற்கு பிரக்டோசமைன் என்று பெயர். நியூசிலாந்தில் 1980களின் தொடக்கத்தில் வந்த இந்தச் சோதனையில் ஒரு சாயத்தைச் சேர்த்தால் ஊதா நிறம் வரும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சாதாரண நிறமானியே போதும்.

மனித ஆல்புமின் பாதியாகக் குறையச் சுமார் 19 நாள் ஆகும். நாய்க்குச் சுமார் 8 நாள். எலிக்கு இரண்டு நாளை ஒட்டி. அப்படியானால் பிரக்டோசமைன் மனிதரில் இரண்டு மூன்று வாரத்தைச் சொல்லும், எலியில் ஒரு வாரத்துக்குள் நடந்ததைச் சொல்லும். பதினான்கு நாள் எலி ஆய்வுக்குக் கச்சிதமாகப் பொருந்துவது இதுதான். செலவும் குறைவு, ரத்தமும் கொஞ்சம் போதும். இருநூறு கிராம் எலியின் உடம்பில் மொத்தமே பதின்மூன்று மில்லி ரத்தம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. இவ்வளவு இருந்தும் நம் பக்கத்து ஆய்வேடுகளில் ஹெச்பிஏ1சி இருக்கிற அளவுக்குப் பிரக்டோசமைன் இருப்பதில்லை. மனித மருத்துவத்தில் புகழ்பெற்ற சோதனை என்பதற்காகவே எலிக்கும் அதைச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கால்நடை மருத்துவர்கள் இந்த விஷயத்தில் தெளிவு. பூனையைக் கூடையில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தாலே பயத்தில் அதற்குச் சர்க்கரை எகிறிவிடும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. பிரக்டோசமைன் பார்த்தால் இது இன்றைய பயமா, இரண்டு வார நோயா என்று தெரிந்துவிடும். நாய்க்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் அற்றுப்போகும் வகை. பூனைக்கு வருவது நமக்கு வருவதைப் போன்றது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இந்தப் பக்கத்தில் கன்னி நாய், சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் உயர் சிகிச்சைக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. நாய்க்குச் சுகர் பார்க்கச் சொன்னால் சிரிக்கிற காலம் போய்விட்டது.

பிரக்டோசமைனிலும் ஒரு கண்ணி உண்டு. மொத்தப் புரதம், ஆல்புமின் என்ற வரிகள் அதற்காகத்தான். நோய் எலியில் இந்த இரண்டும் குறைந்திருக்கும். இன்சுலின் இல்லாவிட்டால் ஈரல் ஆல்புமின் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். நோய் எலியின் ஈரலில் ஆல்புமினுக்கான ஆர்என்ஏவே குறைந்திருப்பதும், இன்சுலின் கொடுத்தால் மீண்டும் கூடுவதும் 1970களின் இறுதியிலேயே காட்டப்பட்டது. இன்னொருபக்கம் தசைப் புரதமும் கரைகிறது. சிறுநீரகம் கெட்டால் ஆல்புமின் வெளியேயும் போகும். ஒட்டுவதற்கு ஆல்புமினே குறைவாக இருந்தால் பிரக்டோசமைனும் குறைவாகக் காட்டும். ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சிறுநீரில் புரதம் பார்க்கும்போதும் எலி நம்மை ஏய்க்கும். ஆண் எலி நல்ல ஆரோக்கியத்திலேயே சிறுநீரில் ஒரு புரதத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கும். எனவே ‘சிறுநீரில் புரதம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் ஆல்புமினை மட்டும் பிரித்து அளந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இன்சுலினும் ஒரு புரதம்தான். அந்த வரியைக் கிளிபென்கிளமைடு கட்டத்தோடு சேர்த்துப் படித்தால் ஒரு வேடிக்கை புரியும். கிளிபென்கிளமைடு இன்சுலினைத் தானாக உண்டாக்காது. உயிரோடிருக்கும் பீட்டா செல்லை உசுப்பிச் சுரக்க வைக்கும், அவ்வளவே. அலாக்சன் எல்லாச் செல்லையும் கொன்றிருந்தால் இந்த மாத்திரைக்கு வேலையே இல்லை. மாத்திரை வேலை செய்திருக்கிறது என்றால் செல்கள் மிச்சம் இருக்கின்றன. மிச்சம் இருக்கும் செல்கள் தாமாகவே தேறிவரவும் கூடும். லேசாக அலாக்சன் ஏறிய எலிகள் மருந்தே இல்லாமல் குணமாவது ஆய்வாளர்களுக்குப் பழகிய தொல்லை. ஆகவே ‘மூலிகை கணையத்தைப் புதுப்பித்தது’ என்ற முடிவுக்குச் சான்று மிக உறுதியாக இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்த இடம் சென்னை. வேலியில் படர்ந்து கிடக்கும் சிறுகுறிஞ்சான் இலையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சண்முகசுந்தரமும் அவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்டு 1990இல் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 27 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச் சாறு கொடுத்ததில் இன்சுலின் தேவை குறைந்தது. ஹெச்பிஏ1சியும், சர்க்கரை ஒட்டிய ரத்த நீர்ப் புரதமும் இறங்கின. வெறும் சர்க்கரை அளவோடு நிற்காமல் இரண்டு வேறு கால அளவுள்ள புரதங்களையும் அன்றே அளந்தது அந்தக் குழுவின் கெட்டிக்காரத்தனம். எலிக் கட்டுரையின் தலைப்பில் பீட்டா செல் கூட்டங்கள் மீண்டும் வளர்ந்திருக்கலாம் என்று நிதானமாகத்தான் எழுதினார்கள். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனை அன்று என்பது அதன் குறை. பின்னால் வந்த மாத்திரை வியாபாரிகள் அந்த ‘லாம்’ என்ற இரண்டு எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

சிறுகுறிஞ்சானை மென்றுவிட்டுச் சீனியைப் போட்டால் மணல் தின்ற மாதிரி இருக்கும். அதற்குக் காரணம் அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள். எலியின் நாக்கில் அவை எடுபடுவதில்லை. அதே இலையில் 35 அமினோ அமிலங்கள் கொண்ட குர்மரின் என்ற சிறு புரதம் இருக்கிறது. எலிக்கு இனிப்பை மறைப்பது அது. நமக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஒரே இலை, ஒரே விளைவு, ஆனால் ஆளுக்கொரு மூலக்கூறு. எலியில் வேலை செய்தது எது என்று பிரித்துப் பார்க்காமல் மனிதனுக்கு மாத்திரை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அலாக்சன் எலி நம் ஊர் சுகரைப் போன்றதல்ல என்றேன். அதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருகிற எலியும் தமிழ்நாட்டில் வேர் கொண்டதுதான். ராபர்ட் மெக்காரிசன் 1918இல் குன்னூரில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த விஸ்டார் எலிகளின் சந்ததி, 1958இல் அந்த நிறுவனம் ஹைதராபாத்துக்குப் போனபோது கூடவே போனது. அந்த வம்சத்திலிருந்து தாமாகவே கொழுத்துப் பெருக்கும் எலிகள் தோன்ற, கிரிதரனும் சகாக்களும் 1996இல் அவற்றைப் புது வகையாக அறிவித்தார்கள். ஒரு கிலோவுக்கு மேல் போகும் எலிகள். அவற்றின் ரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும். இன்சுலினும், கொழுப்புச் செல் சுரக்கும் லெப்டின் என்ற புரதமும் எக்கச்சக்கமாக இருக்கும். மீட்டர் ஒன்றுமில்லை என்று சொல்ல, புரதங்கள் கூப்பாடு போடும் கட்டம் இது. நாற்பது வயதில் தொப்பை விழுந்த நம்மில் பலருக்கும் நோய் தெரியவரும் முன் பல வருஷம் இப்படித்தான் ஓடுகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் அதைவிட அதிகம்.

எலி ரத்தத்தில் புதுப் புரதம் கண்டதும் கொண்டாடி, பிறகு கையைப் பிசைந்த கதைகளும் உண்டு. 2001இல் ரெசிஸ்டின் வந்தது. சுண்டெலியில் அதைச் சுரப்பது கொழுப்புச் செல். மனிதரில் பெரும்பாலும் வெள்ளையணு வகை செல்கள். இன்சுலின் கேளாமைக்கு அதுவே காரணம் என்ற வாதம் மனிதரில் வலுவிழந்தது. 2013இல் ஹார்வர்டிலிருந்து பீட்டாட்ரோபின் வந்தது. சுண்டெலியில் பீட்டா செல்களைப் பல மடங்கு பெருக்கும் என்றார்கள்; ஊசிக்குப் பதில் இனி இதுதான் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. மறு ஆண்டே வேறொரு குழு அந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளை வைத்துப் பார்த்தபோது பீட்டா செல்கள் வழக்கம்போலவே பெருகின. 2016இல் கண்டுபிடித்தவர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அணுவின் ஆயுள் மாறினால் ஹெச்பிஏ1சியின் பொருளும் மாறும் என்பது எலிக்கும் மனிதனுக்கும் இடையில் மட்டுமல்ல, மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலும் உண்மை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. இரும்புச் சத்து இல்லாமல் வரும் சோகையில் புது அணுக்கள் வருவது குறைந்து, பழைய அணுக்கள் அதிக நாள் சுற்றிக்கொண்டிருக்கும். சர்க்கரை ஏறாமலே எண் கொஞ்சம் ஏறிக் காட்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் இறங்கும். அந்த இறக்கத்துக்குக் கஷாயம் பேர் வாங்கிக்கொள்ளும். ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றுதல், அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய்கள் இருந்தால் இதற்கு நேர்மாறாக எண் குறைந்து காட்டி நோயை மறைக்கும். பீடி சுற்றியும் வயல் வேலை பார்த்தும் சோர்ந்துபோய் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஓர் அம்மாளுக்கு 6.6 என்று வந்தால், ‘சுகர் வந்துட்டு’ என்று முடிவு கட்டுமுன் அவருடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. இரண்டு சோதனைக்கும் ஒரே ஊதா மூடிக் குழாய் ரத்தம் போதும்.